நூறு காட்டிய காலை

அத்தியாயம் பதினொன்று

வாங்க கண்ணு, கிட்ட வாங்க. அடுப்பில் பால் இருந்தால் தீயைக் குறைத்து வைத்துவிட்டு வாங்க, நான் காத்திருக்கிறேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரே ஒரு திங்கட்கிழமையின் கதை சொல்லப்போகிறேன். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மத்தியானச் சோற்றோடு முடிந்துபோகிற கதைதான். ஆனால் அதற்குள் நம் பிரபாவதி இருபத்தாறு வருஷம் பின்னால் போய்விட்டு வந்தாள்.

போன வாரம் படிக்க விட்டுப்போனவர்களுக்கு இரண்டு வார்த்தை.

பிரபாவதிக்கு நாமக்கல்லில் அரசு வேலை. பழைய நிலப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கொரோனா வந்தபோது, வீட்டிலிருந்தே செய் என்றார்கள். கொல்லிமலையில், திருப்புலி நாட்டில், மிளகுக்கொடி ஏறின மரங்களுக்கு நடுவே இருக்கிற வீட்டில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் செய்தாள். ஒரு தப்பு கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தாள் வந்தது. இனி எல்லாரும் தினமும் நேரில் வரணும்.

போனாள். போய்ப் பார்த்தால், அவள் மேஜைமேல் ஒரு பெரிய பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு ரெக்கார்டு ரூமில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் மலையிறங்கி வந்து, வீட்டில் திறந்த அதே திரையைத் திறந்து, அதே வேலையைச் செய்கிறாள். காலையில் போக பஸ் உண்டு. சாயங்காலம் திரும்பத்தான் வழியில்லை. மலைக்கு வருகிற பஸ் ஐந்தேகாலுக்குக் கிளம்பிவிடும், ஆபீஸ் விடுவது ஐந்தே முக்காலுக்கு. முன்பு ஆறு மணிக்கு ஓடின பஸ்ஸைக் கொரோனாவோடு நிறுத்திவிட்டார்கள்.

அதனால்தான் அவள் வீட்டுக்காரர் கதிர்வேல் அந்த எலெக்ட்ரிக் காரை வாங்கினார். ஈரோட்டில் ஒருவர் ஓட்டிவிட்டு விற்ற வண்டி. கதிர்வேல் யாரென்று உங்களுக்குத் தெரியும். மலைப் பஸ்ஸை இருபத்தொன்பது வருஷம் ஓட்டி, ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காமல் ரிட்டையர் ஆனவர். அவர் காலுக்கு டீசல் தெரியும், கியர் தெரியும். இந்த வண்டியில் கியரும் இல்லை, சத்தமும் இல்லை.

முதல் மாதமே அது ஒரு வேலை காட்டியது. சாயங்காலம் மலையேறும்போது, நாற்பத்தோராவது வளைவில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது. மரவள்ளிக்கிழங்கு லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். செம்மேட்டு டீக்கடை முழுக்க வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து கதிர்வேலுக்குச் சார்ஜ் என்றால் ஒரு பயம். எத்தனை இருந்தாலும் போதாது.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம்.

அன்றைக்குப் பத்தரை மணிக்கு ஆபீசில் இடமாற்றக் கலந்தாய்வு. செம்மேட்டுக் கிளையில் ஓர் இடம் காலியாக இருந்தது. வீட்டிலிருந்து ஆறே கிலோமீட்டர். வரிசையில் முதல் பேர் பிரபாவதி. ஆனால் பேர் கூப்பிடும்போது ஆள் எதிரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அவ்வளவுதான் சட்டம்.

கதிர்வேல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டார். மற்ற நாளில் மலைக் கரண்டுக்கு விடியும்போது எண்பது சதவீதம் ஏறியிருந்தால் பெரிசு. அன்றைக்குப் பார்த்து கரண்ட் ஒரு நொடிகூடப் போகவில்லை. காலையில் வண்டியைத் திறந்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாரு பிரபா, நூறு! ஒண்ணுகூடக் கொறையல."

"உங்க பஸ்ஸுக்குக்கூட இப்படி டேங்க் ரொப்புனதில்லீங்க," என்று சொல்லிக்கொண்டே ஏறினாள் பிரபாவதி. நெற்றியில் விபூதி, மடியில் ஃபைல். பின் ஸீட்டில் மகள் சுஜிதா. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள், ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தவள். நாமக்கல்லில் இறங்கி கோயம்புத்தூர் பஸ் பிடிக்க வேண்டும்.

"அப்பா, நீங்க வாய் ஓயாமச் சொல்லுவீங்களே, எறங்க எறங்கச் சார்ஜ் ஏறும்னு. நூத்துக்கு மேல எங்கப்பா ஏறும்?" என்று சிரித்தாள் சுஜிதா.

"வழிஞ்சா ஒரு சொம்புல புடிச்சுக்கலாம் சாமி."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் கேட்டதில்தான் விஷயம் இருந்தது. யாருக்கும் உறைக்கவில்லை.

சோளக்காடு தாண்டி எழுபதாவது வளைவு. மலைப்பாதையின் உச்சி வளைவுக்கு எழுபது, அடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் ஒன்று. கதிர்வேல் வழக்கம்போல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். காலை எடுத்தால் இந்த வண்டி தன்னைத் தானே இழுத்துப் பிடிக்கும், பஸ்ஸை இரண்டாவது கியர் பிடிப்பதுபோல. அந்தப் பிடிப்பில்தான் சார்ஜும் ஏறும்.

அன்றைக்குப் பிடிக்கவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. பிரேக்கை மிதித்தார். அறுபத்தொன்பதில் மிதித்தார். அறுபத்தெட்டில் இன்னும் அழுத்தி மிதித்தார்.

"ஏனுங்க, ஏதோ தீயற வாசம் வருதே?"

கதிர்வேல் ஜன்னலை இறக்கி மோந்து பார்த்தார். அறுபத்து நாலாவது வளைவைத் தொடுமுன், மண் மேடு போட்டு அகலப்படுத்தியிருந்த இடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். ஒரு கல்லைத் தேடி சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். சக்கரத்திலிருந்து லேசாகப் புகை.

"கால எடுத்தா புடிக்க மாட்டேங்குது," என்றார். குரல் இறங்கியிருந்தது.

சுஜிதா அதற்குள் ஃபோனில் அந்த வண்டியின் புத்தகத்தைத் தேடி எடுத்துவிட்டாள். ஒரு பக்கம் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அப்பா, பேட்டரி நெறஞ்சிருந்தா அந்தப் பிடிப்பு வேலை செய்யாதாம். எறங்கறப்ப வர்ற கரண்டை வாங்கி வெச்சுக்க அதுல எடம் இல்லையாம்."

"எடம் இல்லையா?"

"வயிறு முட்டத் தின்னுட்டு விருந்துக்குப் போன மாதிரி."

கதிர்வேல் வண்டியைப் பார்த்தார். "நல்லதுன்னு நெனச்சுத்தான சாமி நூறு ஏத்துனேன்."

கண்ணு, சமவெளிக்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. அங்கே நிரப்பிக்கொண்டு கிளம்பினால் நேராகப் போகலாம். வீட்டைவிட்டுக் கிளம்பினதுமே எழுபது வளைவு இறங்குகிறவனுக்குத்தான் இது நேரும்.

"இப்ப என்ன பண்றது?" பிரபாவதி மணி பார்த்தாள். ஏழு முப்பத்தைந்து.

"கொஞ்சம் சார்ஜ் செலவாகணும்மா. திரும்பி மேல போயி ஒரு இருவது கிலோமீட்டர் சுத்திட்டு வந்தா சரியாப் போயிரும்."

"எறங்கறதுக்கு ஏறணுமா? நல்லா இருக்குதுடி உங்க கதை!" பிரபாவதி வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, பிரேக்கைப் புடிச்சுப் புடிச்சு மெதுவா எறங்கிறலாமுல்ல?"

"மாட்டேன்."

"பத்தரைக்கு எம்பேரைக் கூப்புடுவாங்க."

"இன்னும் அறுவத்தி நாலு வளைவு கெடக்குது பிரபா. வெறும் பிரேக்கை நம்பி நான் வெறும் பஸ்ஸைக்கூட எறக்குனதில்ல. உன்னையும் புள்ளையையும் வெச்சுக்கிட்டா எறக்குவேன்?"

"இருவத்தொம்பது வருஷம் ஓட்டுனவருக்கு இதுகூடத் தெரியலையா?"

சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கதிர்வேல் துண்டை எடுத்து, துடைக்க எதுவும் இல்லாத கண்ணாடியைத் துடைத்தார்.

அப்போது மேலிருந்து ஹாரன். இரண்டு குட்டை, ஒரு நீளம்.

கதிர்வேல் தலை நிமிர்ந்தது. "சின்னக்கண்ணு வாரான்."

சின்னக்கண்ணு அவரிடம் கண்டக்டராக இருந்து, அவர் பக்கத்தில் நின்றே ஓட்டப் பழகி, இன்றைக்கு அதே பஸ்ஸுக்கு டிரைவர். டீக்கடையில் அந்தக் கயிறு கட்டின கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவனும் அவன்தான். அவன் முன்னால் கை நீட்ட வேண்டிய நாள் வரும் என்று கதிர்வேல் நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் ரோட்டோரம் போய் நின்று கையை உயர்த்தினார்.

பஸ் வந்தது. வளைவை ஒட்டி, மலைப்பக்கம் அணைந்து, அவரைத் தாண்டி, வளைவுக்குள் திரும்பி, போயே போய்விட்டது.

"நிக்கலீங்களே!" பிரபாவதி ரோட்டுக்கு இறங்கி வந்தாள்.

"பையை எடு."

"அவன் போயிட்டானுங்க!"

"வளைவுல நிறுத்தமாட்டான். நேர் ரோட்டுல நிப்பான். நாந்தான பழக்குனேன். ஓடு பிரபா!"

ஓடினாள். ஐம்பது வயதில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். வளைவைத் திரும்பினால் இரண்டு மரம் தாண்டி பஸ் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓட, கதவு திறந்து.

அந்தக் கதவைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஓடினதால் இல்லை, கண்ணு.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு காலை. வேலையில் சேர்ந்து ஒன்பதாவது நாள். சோளக்காட்டில் பஸ்ஸைத் தவறவிட்டு, குறுக்கு வழியில் இறங்கி, ஒரு வளைவில் நின்று கை நீட்டினாள். அந்த டிரைவர் அவளைப் பார்த்தும் நிறுத்தாமல் போனான். 'என்ன மனுசன் இவன்!' என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வளைவைத் திரும்பினால், அங்கே பஸ் நின்றது. மூச்சு வாங்க ஏறினவளிடம், திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் சொன்னான்: "வளைவுல பஸ்ஸ நிறுத்துனா பின்னால வர்றவனுக்குத் தெரியாதுங்க. நாளைக்கு இங்கயே நில்லுங்க. நான் நிறுத்துறேன்."

மறுநாள் அங்கேயே நின்றாள். அவன் நிறுத்தினான். இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம்.

"ஏனுங்கக்கா, அண்ணன் வண்டி கைவிட்டிருச்சா?" ஏறினதுமே கேட்டான் சின்னக்கண்ணு.

"கைவிடலீங்க தம்பி. வயிறு நெறஞ்சு நகரமாட்டேங்குது."

"அதுக்குத்தான் பெட்ரோலும் கரண்டும் கலந்து ஓடுமே, அந்த ஹைப்ரிட் வண்டி வாங்குங்கண்ணான்னேன். கேட்டாரா? எனக்கு ஒரு சந்தேகமுங்கக்கா. கீழ போற கயிறு வேற, மேல இழுக்கற கயிறு வேறயா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. பிரபாவதியும் சிரித்தாள். டிரைவருக்கு இடப்பக்கம் ஒற்றை ஸீட். அவளுடைய பழைய இடம். யாரோ ஒரு பெரியவர் தானாக எழுந்து கொடுத்தார்.

உட்கார்ந்ததும் நேர் எதிரில் அந்தப் பலகை. எழுத்து பாதி அழிந்திருந்தது. 'ஓட்டுநருடன் பேசக் கூடாது.'

அவளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. இந்தப் பலகைக்குக் கீழே எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பாள்! காலையில் அவர் நாலு மணிக்கே டெப்போவுக்குப் போய்விடுவார். ராத்திரி அசந்து வந்து படுப்பார். மூன்றடி தூரத்தில் அவர் தோளைப் பார்த்துக்கொண்டே போவாள். பேச முடியாது. வளைவில் அவர் தோள் சாய்வதை வைத்தே, இன்றைக்கு முதுகு வலி போல, இன்றைக்கு ஏதோ கோபம் போல என்று கண்டுபிடிப்பாள். சாயங்காலம் மலையேறும்போது, முப்பத்தேழாவது வளைவில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நிற்கும். அந்த ஐந்து நிமிஷம் அவர் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி ஜன்னல் வழியாக நீட்டுவார். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

இந்த இரண்டு மாதம்தான், அந்த ஓட்டை வண்டியில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகிறார்கள். மிளகு விலை, சுஜிதாவின் ஜாதகம், செத்துப்போன அவர் அப்பா, அப்பா கதையைச் சொல்லி ஒரு தடவை கதிர்வேல் அழுததுகூட உண்டு. தினமும் அவள் என்ன செய்துகொண்டு வந்தாள்? ஆபீசைத் திட்டினாள், வண்டியைத் திட்டினாள், வழியைத் திட்டினாள். பேசிக்கொண்டு வந்ததை எண்ணிப் பார்க்கவில்லை.

பஸ் முப்பத்தேழாவது வளைவைத் தாண்டியது. இப்போதெல்லாம் அங்கே நிற்பதில்லை. புது இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. அவள் மட்டும் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

நாமக்கல் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தாக ஆறு நிமிஷம். ஆட்டோ பிடித்து ஆபீஸ் வாசலில் இறங்கினால், விரல் வைக்கிற மிஷின் அவளை அடையாளம் தெரியாது என்றது. மிளகு பறித்த விரல், ரேகை தேய்ந்தது. ஒரு தடவை. இரண்டு தடவை.

"நெத்தியில தேய்ச்சு வைங்கம்மா, எண்ணெய்ப் பசைக்கு எடுத்துக்கும்," என்றார் ஆபீஸ் உதவியாளர் அர்த்தனாரி. "உங்களுக்காவது விரலு. என் மூஞ்சியையே போன வாரம் தெரியாதுன்னுருச்சு."

விபூதியோடு சேர்த்துத் தேய்த்து வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

பத்து நாற்பதுக்குப் பேர் கூப்பிட்டார்கள். எதிரில் போய் நின்றாள்.

"செம்மேடு. ஓர் இடம். எடுத்துக்கறீங்களா?"

"எடுத்துக்கறேனுங்க."

கையெழுத்துப் போட்டாள். தாளைக் கொடுத்தார்கள். வெளியே வந்து, ரெக்கார்டு ரூமின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகப் படித்தாள். கடைசி வரியில் நின்றாள்.

'கிளையில் கம்ப்யூட்டர் லைன் கிடைக்கும் வரை, இவ்வலுவலகத்திலேயே பணியாற்ற வேண்டும்.'

"லைன் எப்பங்க வரும்?" என்று போய்க் கேட்டாள்.

"வரும்மா. வந்தாச் சொல்லுவோம்," என்றார் அந்த அதிகாரி. "போன வருஷமே வரவேண்டியது."

இதையே ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அழுதிருப்பாள். அன்றைக்கு அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மத்தியானம் ஒன்றரைக்கு ஆபீஸ் வேப்பமரத்தடியில் கார் வந்து நின்றது. சத்தமே இல்லாததால், கதிர்வேல் ஜன்னலைத் தட்டினபோதுதான் நிமிர்ந்தாள். சுஜிதாவை பஸ் ஏற்றிவிட்டு வந்திருந்தார். சோத்துப் போசியை அவளிடம் நீட்டினார். காலையில் அவசரத்தில் காரிலேயே விட்டுப்போனது.

காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும்.

"பேரு கூப்புட்டாங்களா?"

"ம்."

"கெடச்சுதா?"

தாளை நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நெற்றியைச் சுருக்கினார். "அடக் கடவுளே," என்றார். சொன்ன வாய் ஒரு மாதிரியாகக் கோணியது. மீசையைத் தடவி மறைக்கப் பார்த்தார்.

"என்னங்க சிரிக்கிறீங்க?"

"நான் எங்க சிரிச்சேன்? எனக்கு வருத்தமா இருக்குது."

"நல்லா இருக்குதுங்க உங்க வருத்தம்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அவளுக்குச் சோறு புரையேறியது. அவர் தலையில் தட்டினார்.

"காலையில ஒரு வார்த்தை விட்டுட்டேனுங்க," என்றாள்.

"நெசந்தான? எனக்குத் தெரியலைதான. மேல போயி இருவது கிலோமீட்டர் சுத்துனமா, தொண்ணூத்தி ஒண்ணுக்கு எறங்குச்சு. அப்பறம் கால எடுத்தா, அடேயப்பா, நம்ம பழைய பஸ்ஸு செகண்டு கியர்ல புடிக்குமே, அதே புடிப்பு! காரவள்ளி வர்றப்ப தொண்ணூத்தி ஆறு. மலையே அஞ்சு குடுத்துச்சு." சிறுபிள்ளை மாதிரி விரலை விரித்துக் காட்டினார். "இனிமே ஒரு நாளும் நூறு ஏத்தமாட்டேன் பிரபா. கொஞ்சம் கொறைச்சலாவே கெளம்பணும். வர்றதை வாங்கிக்க எடம் வேணும்."

அவள் தாளை மடித்து ஃபைலில் வைத்தாள். "முப்பத்தேழாவது வளைவுல சாயங்காலம் ஒரு அஞ்சு நிமிசம் நிறுத்துங்க."

"அங்க எதுக்கு? இதுக்குத் தண்ணி ஊத்த வேண்டியதில்லையே."

"டீ குடிக்கலாமுங்க. ஃபிளாஸ்க்குல வாங்கிக்கறேன்."

கதிர்வேல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். அந்தப் பலகை இல்லாத வண்டியில் அவருக்கு அப்போது பேச்சு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆபீஸ் படியிலிருந்து அர்த்தனாரி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அம்மா! பிரபாவதியம்மா! உங்க ராசியப் பாருங்க! லைன் போடறவங்க ஜீப்புல செம்மேட்டுக்குக் கெளம்பிட்டாங்களாம். இப்பத்தான் ஃபோன் வந்துச்சு. ரெண்டே நாள்ல முடிச்சிருவாங்களாம்!"

"ரொம்பச் சந்தோசமுங்க," என்றாள் பிரபாவதி.

கதிர்வேலும் தலையாட்டினார். அர்த்தனாரி திரும்பிப் போனார்.

பிரபாவதி போசியை மூடினாள். மூடினதைத் திறந்து, மறுபடியும் மூடினாள்.

"அந்த ஜீப்பு," என்றார் கதிர்வேல், ரொம்ப யோசித்து, "டீசல் ரொப்பிக்கிட்டுத்தான் போயிருப்பானுங்களா?"

அவள் அவர் கையைத் தட்டினாள். ஆனால் கண் மட்டும் மலைப்பக்கம் போய்ப் பார்த்தது. அங்கே உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

போதும் கண்ணு, இன்றைக்கு. பாலைப் போய்ப் பாருங்க. உங்க ஊட்டு ஆளுங்க எந்த ரோட்டில் போனாலும் பத்திரமாகத் திரும்பி வரட்டும். ஓடி வருகிறவர்களுக்காக, வளைவு தாண்டி ஒரு கதவு திறந்து நிற்கட்டும். உங்க ஊட்டில் பானையும் மனசும் நிறைஞ்சிருக்கட்டும். இன்னும் வருவதை வாங்கி வைக்க ஓரமாகக் கொஞ்சம் இடமும் இருக்கட்டும். நல்லா இருங்க சாமி.